ஏழு நாள் கொட்டாங்குச்சி

கடுக்காய்மலையில் சென்றாயனைத் தெரியாதவர் கிடையாது. சந்தையில் கோழி வாங்கினால் அதன் வாயைத் திறந்து பார்க்கிற ஆள். கோழிக்கு ஏதுடா பல்லு என்று யாராவது சிரித்தால், "அதான் ஏன் இல்லைன்னு பார்க்கிறேன்" என்பான். பெண்டாட்டி பூங்காவனம் குழம்பில் உப்பைச் சரியாகப் போட்டுவிட்டால்கூட, "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று முகத்தைப் பார்ப்பான்.

அப்படிப்பட்டவன் மூன்று வருஷமாக ஒருத்தியிடம் சீடனாக இருந்தான். அவள் பெயர் காத்தாயி.

காத்தாயி அந்த மலைக்கு நீர்க்கட்டி. உடும்புச் சுனையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீரை மேல்பதிக்கும் கீழ்பதிக்கும் பிரித்து விடுவது அவள் வேலை. பிறந்தது கீழ்பதி, வாக்கப்பட்டது மேல்பதி. இரண்டு ஊரிலும் சோறு தின்கிறவர் எந்த ஊர் வயிற்றிலும் அடிக்க மாட்டார் என்று, அப்படிப்பட்ட ஆளைத்தான் அந்த வேலைக்கு வைப்பார்கள். சென்றாயன் மேல்பதிக்காரன், பெண் எடுத்தது கீழ்பதியில். ஆகவே காத்தாயிக்கு அடுத்து அவன்தான் என்று ஊர் பேசி வைத்திருந்தது. அவனுக்கும் அந்த ஆசை உள்ளுக்குள் நிறைய இருந்தது.

முறைக்கு அவன் அவளுக்கு மாமா. வயதிலும் பத்து வருஷம் மூத்தவன். ஆனாலும் தண்ணீர் பிரிகிற மடையில் கால் வைத்துவிட்டால் அவள் குரு. அவன் "அம்மா" என்பான், அவள் "மாமா" என்பாள்.

தண்ணீரை அளப்பது ஒரு கொட்டாங்குச்சி. அதன் அடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. மடைப்பாறைமேல் இருக்கும் பானைத் தண்ணீரில் அதை மிதக்க விடுவார்கள். ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி அது முழுகிவிட்டால் ஒரு முழுக்கு. பத்து முழுக்கு மேல்பதிக்கு, பத்து முழுக்கு கீழ்பதிக்கு. அதற்குமேல் ஓடுவதெல்லாம் காட்டு ஜீவனுக்கு. மலைக்குக் கடிகாரம் வந்தது, செல்போன் வந்தது. ஆனால் கொட்டாங்குச்சியை யாரும் எடுக்கவில்லை.

அந்த வருஷம் வைகாசியிலிருந்தே தண்ணீர் குறைந்தது. ஆவணி முடிகிற நேரத்தில் சென்றாயன் காத்தாயி முன்னால் வந்து நின்றான்.

"அம்மா, தண்ணி குறையுது."

"ஆமா."

"மழை நல்லாத்தானே பேஞ்சுது?"

"நல்லாத்தான் பேஞ்சுது."

"அப்போ யாரோ திருடறாங்க."

காத்தாயி மடையில் சேர்ந்திருந்த சருகை வாரிப் போட்டாள். "இந்த ஆடிக்குச் சுனைக்கு ஏறினோமா, மாமா?"

"அவனுங்களோட எவன் ஏறுவான்?" என்றான் சென்றாயன்.

அது ஊர் வகுத்த ஒரு கட்டு. சுனை பிறக்கிற இடம் சாமி இடம். ஆடி மாசம் ஒரே ஒரு நாள், இரண்டு பதியும் மேளத்தோடு சேர்ந்து ஏறிப் பொங்கல் வைக்க வேண்டும். ஒரு பதி தனியாக ஏறக் கூடாது. தனி ஆள் ஏறக் கூடாது, நீர்க்கட்டியே ஆனாலும். ஏறினால் மற்ற ஊருக்குத் துரோகம் செய்ததாக அர்த்தம். இந்த வருஷம் தண்ணீர்ச் சண்டை முற்றிப்போய், மேளம் பரணிலேயே கிடந்தது.

"யார் திருடறான்னு எனக்குத் தெரியும்" என்றான் சென்றாயன். "மாதையன்."

மாதையன் வேறு யாருமில்லை, பூங்காவனத்தின் கூடப்பிறந்த அண்ணன். கீழ்பதி நிலத்தில் தண்ணீர் முதலில் பாய்கிற கொல்லை அவனுடையது.

"பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? அவன் நாத்து மட்டும் ஏன் கிளிப்பச்சையா நிக்குது?"

காத்தாயி பானைக்குள் கையை விட்டுக் கொட்டாங்குச்சியை எடுத்தாள். நீரை வடித்து அவன் கையில் வைத்தாள்.

சென்றாயனுக்கு முகம் சுண்டிப் போயிற்று. ஏனென்றால் அதுவும் ஒரு கட்டு. தண்ணீரில் சந்தேகம் என்று வாய்விட்டுச் சொன்னவன் ஏழு நாள் கொட்டாங்குச்சி பிடிக்க வேண்டும். அந்த ஏழு நாளும் அவன் கொல்லைக்குத்தான் ஊரில் கடைசித் தண்ணீர்.

"அம்மா, கேழ்வரகு நாத்து விட்டிருக்கேன். ஏழு நாள் தாங்காது."

"அப்போ சந்தேகத்தைத் திருப்பி எடுத்துக்கறீங்களா?"

திருப்பி எடுப்பதா? சென்றாயனா? "பிடிக்கிறேன்" என்றான்.

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு ஊர்சபை. அதுதான் பெரிய விஷயம்.

மலையின் கிழக்குச் சரிவில் ஒரு சொகுசு விடுதி எழும்பிக்கொண்டிருந்தது. அதன் மேனேஜர் ஒரு மாசமாக பிஸ்கட் பொட்டலத்தோடு இரண்டு பதிக்கும் வந்து போய்க்கொண்டிருந்தார். "நீங்க எதுக்குச் சண்டை போட்டுக்கறீங்க? சுனையை எங்க பராமரிப்புல விடுங்க. வேலி போடறோம். ஊருக்கு ஒரு தொட்டி, ஒரு குழாய், ஒரு மீட்டர். யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம்" என்றார். சட்டப்படி இரண்டு பதியும் கூடி ஒப்பினால்தான் அந்தச் சுனையில் கைவைக்க முடியும். அதற்குத்தான் வெள்ளிக்கிழமை.

சென்றாயன் அந்த பிஸ்கட்டையே இரண்டு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்றான். ஆனாலும் மாதையனை நம்புவதற்கு மீட்டரை நம்பலாம் என்று தோன்றியது. அவன் கைநாட்டு வைத்தால் மேல்பதியில் பாதிப்பேர் வைப்பார்கள்.

"ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்றாள் பூங்காவனம் சோறு போடும்போது.

"அண்ணன் சொல்லி அனுப்பினானா?" என்றான் அவன்.

அவள் கரண்டியைச் சட்டியில் போட்ட வேகத்தில் பூனை வெளியே ஓடியது.

முதல் நாள் சென்றாயன் பானை முன்னால் உட்கார்ந்தான். எதிரே கீழ்பதிக்குச் சாட்சியாக மாதையன் உட்கார்ந்தான். இரண்டு பேரும் ஒரே பானையைப் பார்த்தார்கள்.

மேல்பதி முறை. கொட்டாங்குச்சி மளமளவென்று முழுகினது. கீழ்பதி முறை. அசைவேனா என்று மிதந்தது.

சாயந்தரம் காத்தாயி வந்தாள்.

"அம்மா, நம்ம முறைக்கு இது சீக்கிரம் முழுகுது. அவங்க முறைக்கு நிதானமா முழுகுது."

"அப்படியா? மாதையண்ணனும் வழியில இதையேதான் சொல்லிட்டுப் போனாரு. ஊர் பேரை மட்டும் மாத்தி."

"திருடன் அப்படித்தான் சொல்லுவான்."

"ஒரே கொட்டாங்குச்சிதானே, மாமா?"

"அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

காத்தாயி புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இவளும் கீழ்பதியில் பிறந்தவள்தானே என்று சென்றாயன் அவள் முதுகைப் பார்த்து நினைத்தான். அந்த நினைப்பு வந்ததும் எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. கொட்டாங்குச்சியிலேயே வேலை செய்திருக்கிறார்கள்! அதை எடுத்து உருட்டினான், முகர்ந்தான், நாக்கை வைத்துக்கூடப் பார்த்தான். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் பெரிய தந்திரம் என்று முடிவு கட்டினான்.

மறுநாள் வரும்போது மடியில் ஒரு கோணி ஊசி இருந்தது.

ஓட்டையை ஊசியால் ஒரு நூல் பெரிதாக்கினான். மிதக்க விட்டான். மேல்பதி முறை அது. வழக்கத்தைவிடச் சீக்கிரம் முழுகிப்போயிற்று. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, ஓட்டைக்கு ஊர் தெரியாது என்று. பெரிதானால் இரண்டு ஊருக்கும்தான் பெரிது. ச்சே என்று தொடையில் அடித்துக்கொண்டான்.

ஆனால் மூளை சும்மா இருக்குமா? மூன்றாம் நாள் மடியில் தேனடையிலிருந்து பிய்த்த மெழுகும் இருந்தது. மேல்பதி முறைக்கு, கொட்டாங்குச்சியைத் துடைக்கிற சாக்கில் ஓட்டையின் ஓரத்தில் மெழுகை அப்பினான். கொட்டாங்குச்சி ஆற அமர முழுகியது. கீழ்பதி முறைக்கு மெழுகைக் கட்டைவிரல் நகத்தால் எடுத்தான். சடசடவென்று முழுகியது. எண்ணிக்கை இரண்டு பக்கமும் பத்துதான். எண்ணிக்கையில் யார் குற்றம் சொல்ல முடியும்?

திருடுகிறோம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. திருட்டுப் போனதைத் திருப்பி எடுக்கிறோம் என்றுதான் தோன்றியது.

"இன்னிக்கு எங்க முறை சுருக்கா முடிஞ்ச மாதிரி இருக்கே, மச்சான்" என்றான் மாதையன்.

"மனசுல கள்ளம் இருந்தா அப்படித்தான் தெரியும், மச்சான்" என்றான் சென்றாயன். சொல்லும்போது அவனுக்கு நாக்கு கூசவில்லை. அதை நினைத்து அவன் பின்னால் எத்தனையோ நாள் கூசினான்.

ஐந்தாம் நாள் சாயந்தரம். கொட்டாங்குச்சியைக் கழுவிக் கிளையில் மாட்டியிருந்தான். காத்தாயி வந்து அதை எடுத்தாள். ஓட்டையைச் சுற்றிச் சிற்றெறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

சென்றாயன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

காத்தாயி வாயால் ஊதி எறும்புகளைத் தட்டிவிட்டாள். "பாவம், என்னமோன்னு நினைச்சு ஏறிடுச்சுங்க" என்று சொல்லித் திரும்ப மாட்டினாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அன்றைக்கு வீட்டுக்குப் போனவன் விரலைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தான். "எதைத் தொட்டே?" என்றாள் பூங்காவனம். "ஏன், யாராவது எதாவது சொன்னாங்களா?" என்று பதறிக் கேட்டான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஆயுசில் முதல் தடவையாக அந்த வீட்டில் சந்தேகம் அவன் பக்கம் திரும்பி நின்றது.

அப்படியும் மெழுகை விடவில்லை. ஆறாம் நாள் தன் கொல்லைக்குப் போய்ப் பார்த்தான். நாற்று வெளுத்திருந்தது. கடைசித் தண்ணீர் அவன் வரப்பை எட்டவே இல்லை. ஏழாம் நாள் நாற்று தலைசாய்ந்து கிடந்தது. கையில் அள்ளினால் பொருபொருவென்று உதிர்ந்தது. அந்த வருஷத்துக் களி, கூழ் எல்லாம் அந்த நாற்றில்தான் இருந்தது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது. அழுதான்.

அழுது முடித்தபின்தான் புத்தி வேலை செய்தது.

ஐந்து நாளாக மேல்பதிக்கு அவன் கூடுதலாகத் தண்ணீர் திருடிக் கொடுத்திருக்கிறான். வாய்க்கால் நிரம்பி, கடைசிக் கொல்லையும் நனைந்து, மேலே வழிந்திருக்க வேண்டும். நனையவில்லை. மாதையனோ ஐந்து நாளும் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தான், எழுந்து வாய்க்கால் பக்கம்கூடப் போகவில்லை. கீழ்பதிக்குப் போன தண்ணீரும் அரைகுறைதான்.

அப்படியென்றால் யார்?

நேரே மடைக்குப் போனான். காத்தாயி பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"ஏழு நாள் இன்னியோட முடிஞ்சுது. இன்னும் ஒரு ஏழா?"

"அது இல்லை. தெரிஞ்ச ஒருத்தன். அவன் வீட்டுல களவு போகுதுன்னு காவல் உக்காந்தான். ஆத்திரத்துல அடுத்த வீட்டுல அவனே திருட ஆரம்பிச்சுட்டான். அப்பவும் அவன் வீட்டுல பண்டம் சேரலை. அடுத்த வீட்டுலயும் இல்லை. இதுக்கு என்ன அர்த்தம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் காவலும் இருக்கலை, திருடவும் இல்லை. ரெண்டும் பண்ணினவன்தான் சொல்லணும்."

"சொன்னா அவனைக் காறித் துப்புவாங்களே, அம்மா."

"துப்புவாங்க."

"மூணு வருஷமா அவன் ஒரு வேலைக்கு ஆசைப்பட்டுக்கிட்டு இருக்கான். அதுவும் போயிடும்."

"போனாலும் போகும்."

காத்தாயி பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பதியும் ஆலமரத்தடியில் கூடின. மேல்பதி ஒரு பக்கம், கீழ்பதி ஒரு பக்கம். நடுவில் மேனேஜர், மேஜை, காகிதக் கட்டு, மை டப்பா. ஊர்க்கவுண்டர் தொண்டையைச் செருமினார். "சென்றாயன் ஏழு நாள் கொட்டாங்குச்சி பிடிச்சான். அவன் கண்டதைச் சொல்லட்டும். அப்புறம் கைநாட்டு."

சென்றாயன் எழுந்தான். எல்லோரும் மாதையனைத்தான் பார்த்தார்கள்.

"திருடனைக் கண்டுபிடிச்சுட்டேன்" என்றான்.

"யாரு?"

"நான்தான்."

ஊர் கொல்லென்று சிரித்தது. அவன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தியது. மடியிலிருந்து ஊசியையும் மெழுகையும் எடுத்து மேஜைமேல் மேனேஜரின் காகிதத்தின்மீதே வைத்தான். எப்படி அப்பினான், எப்படி எடுத்தான், எத்தனை நாள் என்று ஒன்று விடாமல் சொன்னான். சொல்லச் சொல்லக் கீழ்பதி எழுந்து நின்றது. ஒருத்தன் செருப்பைக் கழற்றினான். பூங்காவனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாதையன் மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தான். விரலை மடக்கி எதையோ யோசித்துக்கொண்டிருந்தான்.

"இரு மச்சான்" என்றான். "எங்களுக்குக் குறைச்சுட்டே. சரி, நாசமாப் போ. குறைச்சது உங்களுக்கு வந்திருக்கணுமே?"

"வரலை, மச்சான். என் நாத்தே செத்துப் போச்சு. போய்ப் பாரு."

"பொய் சொல்லலையே?"

"இவ்வளவும் சொன்னவன் இதுல எதுக்குப் பொய் சொல்லப்போறேன்?"

மாதையன் மெதுவாக எழுந்தான். செருப்பைத் தூக்கினவனின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான். "அப்போ தண்ணி மடைக்கு வர்றதுக்கு முன்னாடியே போகுது" என்றான்.

முதலில் யாரோ ஒருத்தி தலையைத் தூக்கி மேலே, சுனை இருக்கிற உச்சியைப் பார்த்தாள். பிறகு இரண்டு பதிக்காரர்களும் அங்கேயே பார்த்தார்கள்.

"கையெழுத்தை முடிச்சுட்டா எனக்குக் கிளம்ப வசதியா இருக்கும்" என்றார் மேனேஜர். அவர் குரலில் ஏதோ ஒரு அவசரம். சென்றாயன் காதுக்கு அது தப்புமா? அப்படியே அவர் பக்கம் திரும்பினான்.

"சார், நீங்களும் வாங்களேன். சுனை எங்க இருக்குன்னு பார்க்காமலா வேலி போடப் போறீங்க?"

"எனக்கு முட்டிவலி."

"தூக்கிக்கிட்டுப் போறோம்" என்றான் மாதையன்.

பரணிலிருந்து மேளம் இறங்கியது. ஆடி போய் ஒரு மாசம் கழித்து, இரண்டு பதியும் ஒன்றாகச் சுனைக்கு ஏறின. பொங்கல் பானை இல்லை, மஞ்சள் இல்லை. காத்தாயி கடைசி ஆளாக நடந்தாள்.

சுனையின் கிழக்கு மூலையில் கல்லை அடுக்கி, சருகு போட்டு மூடியிருந்தார்கள். சருகை விலக்கினால் முழங்கை கனத்துக்கு ஒரு கறுப்புக் குழாய். மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. பள்ளத்தைப் பார்த்துத் தண்ணீர் தானாக விடுதிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. குழாயின்மேல் பாசி பிடித்திருந்தது. வைகாசியிலேயே போட்டிருக்க வேண்டும்.

"இது சும்மா டெஸ்டிங்குக்காக..." என்று ஆரம்பித்தார் மேனேஜர். முடிக்க விடவில்லை. குழாயைப் பிடித்து மாதையன் இழுத்தான், வரவில்லை. சென்றாயன் போய்ப் பின்னால் பிடித்தான். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக எல்லோரும் பிடித்தார்கள். தேர் வடம் இழுக்கிற மாதிரி இழுத்தார்கள். வந்துவிட்டது.

மேஜையில் இருந்த மை டப்பா அன்று முழுக்க வெயிலில் திறந்து கிடந்து காய்ந்துபோயிற்று.

சென்றாயனை ஊர் விட்டுவிடவில்லை. விடவும் கூடாது. கொட்டாங்குச்சியைக் கெடுத்தவன் செருப்பில்லாமல் மலை இறங்கி, அடிவாரத்துக் கோயிலில் தேங்காய் வாங்கி, கால்நடையாகவே புதுசு கொண்டுவர வேண்டும். போய் வந்தான். மூன்றாம் நாள் வீங்கிய காலோடு ஏறி வந்தபோது, அவன் கொல்லை பச்சையாக இருந்தது. மாதையன் தன் நாற்றில் பாதியைப் பிடுங்கி வந்து நட்டிருந்தான், பூங்காவனம் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். இதில் என்ன சூது இருக்கிறது என்று அவனுக்கு வழக்கம்போல ஒரு யோசனை வந்தது. வெட்கப்பட்டு அதைத் துரத்திவிட்டு மடைக்குப் போனான்.

காத்தாயி பாறைமேல் உட்கார்ந்து நெருப்பில் ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். புதுக் கொட்டாங்குச்சிக்கு ஓட்டை அவள்தான் போட வேண்டும்.

"இனிமே நான் இங்க வரலாமா, அம்மா?"

"பானை காலியா இருக்கு. தண்ணி ஊத்துங்க."

ஊற்றினான். அவள் கொட்டாங்குச்சியில் ஊசியை வைத்து அழுத்தினாள். புகை வந்தது. அவன் அவள் எதிரே உட்கார்ந்தான்.

"எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

"எறும்பு ஏறின அன்னிக்கே."

"அப்பவே என் கையைப் பிடிச்சிருக்கலாமே. ஊர் முன்னாடி மானம் போயிருக்காது. நாத்து செத்திருக்காது. ஏன் பிடிக்கலை?"

காத்தாயி ஓட்டையை ஊதி, கொட்டாங்குச்சியைக் கண்ணுக்கு நேரே வைத்து வானத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"மூணு வருஷமா இதே இடத்துல நின்னு, ஊர்ல ஒவ்வொருத்தர் கையா, திருட்டுக் கைன்னு எனக்குக் காட்டினீங்க, மாமா. இன்னும் ஒரு கைதான் பாக்கி இருந்துச்சு."